இசைத்தட்டும் நம் இசைவாணரும்

கலையைப் போற்றுதல் வேறு. கலைஞனைப் போற்றுதல் வேறு. முன்னது எளிது. கேட்டு மகிழ்ந்து, தலையசைத்து, 'ஆகா' என்றால் அது நிறைவேறிவிடும். பின்னதற்கோ பொருட்செலவும் வேண்டும், நடுவுநிலையும் வேண்டும், கலைஞன் இல்லத்து அடுப்பில் உலை ஏறியதா என்று எண்ணிப் பார்க்கும் நெஞ்சமும் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே கிடக்கும் தொலைவை நம் இசைக்குடியினர் அறிந்த அளவு பிறர் அறிந்திலர். அத்தொலைவை அளந்து காட்டுதற்கு ஒலிப்பதிவின் வரலாற்றினும் சிறந்த அளவுகோல் இல்லை. ஓசையை அழியாமற் காத்த கருவி, அவ்வோசையை எழுப்பிய வாயையும் விரலையும் காத்ததா? இவ்வொரு வினாவே இவ்வியாசத்தின் பொருள். சகோதர சகோதரிகள் பொறுமையுடன் படித்துத் தத்தம் இல்லத்துப் பிள்ளைகட்கும் எடுத்துரைக்குமாறு வேண்டுகின்றோம்.

கருவி வந்த வரலாறு

மனிதன் பேசிய பேச்சைத் திரும்பவும் அவன் காதிலேயே கேட்கச் செய்த முதற் கருவியை அமெரிக்க நாட்டுத் தாமஸ் எடிசன் 1877ஆம் ஆண்டில் இயற்றினார். சுழலும் உருளையொன்றின் மேல் வெள்ளீயத் தகட்டைச் சுற்றி, ஒலியால் அதிரும் ஊசி அத்தகட்டில் வடுப்படுத்துமாறு அமைத்ததே அக்கருவி. பத்தாண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் என்பார் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தைக் கைக்கொண்டார். இம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும் இதன் பயன் பெரிது. உருளையைப் பெருந்தொகையாகப் படியெடுத்தல் அரிது. தட்டுக்கோ ஒரு முத்திரை அச்சுச் செய்துகொண்டால், அப்பம் வார்ப்பது போல் ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். ஒருவர் ஒருமுறை பாடியதை எண்ணிறந்தோர்க்கு விற்கும் வாணிபம் இங்ஙனமே பிறந்தது.

அவ்வாணிபம் வெகு விரைவில் நம் நாட்டையும் நாடியது. 1902ஆம் ஆண்டு நவம்பரில், இலண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் வந்திறங்கி, அந்நகரில் புகழ் பெற்றிருந்த கௌஹர் ஜான் அம்மையார் முதலியோரின் பாட்டுகளைப் பதிந்தார். பதிந்த மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கே விற்பனைத் தட்டுகளாகித் திரும்பின. பாட்டு முடிந்தவுடன் பாடியவரே தம் பெயரை ஆங்கிலத்தில் கூறும் வழக்கம் அந்நாளைய தட்டுகளில் உண்டு. இந்நாட்டு மொழியும் இசையும் அறியாத தொலைநாட்டுத் தொழிலாளர், எத்தட்டு எவருடையது எனப் பிரித்தறிதற்கு அது துணையாயிற்று. பெயரில்லாத ஓசை எவருடையதாகவும் ஆகிவிடும் என்பதை வாணிபர் அன்றே அறிந்திருந்தனர்.

அடுத்த சில ஆண்டுகளில் ஒலிப்பதிவாளர் சென்னைக்கும் வந்தனர். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய அம்மையார்களின் குரல்கள் தென்னாட்டுத் தட்டுகளில் முந்தியேறின. ஆண் வித்வான்களுட் பலர் தயங்கி நின்றனர். இயந்திரத்தில் பாடினால் குரல் கெடும் என்ற அச்சம் சிலருக்கு. கண்ட கண்ட இடத்தில் தம் பாட்டு ஒலித்தால் மதிப்புக் குறையும் என்ற எண்ணம் சிலருக்கு. வழிவழியாக அவைக்கு முன் நின்று ஆடியும் பாடியும் வந்த மாதர்க்கோ அவ்வச்சம் இருந்ததில்லை. இன்று பலராலும் 'கர்நாடக சங்கீத ஒலிப்பதிவின் தொடக்கம்' எனப் பெருமையுடன் பேசப்படுவது, அக்காலச் சமூகம் பாட்டை மட்டும் விரும்பிப் பாடியவரை ஏளனம் செய்த அப்பெண்மணிகளின் துணிவினால் அமைந்தது. இதனை நாம் மறத்தலாகாது. பிறர் மறந்தால் நினைவூட்டுதலும் கடனாகும்.

கூம்பின் முன்னே

அந்நாளில் ஒலிப்பதிவு நடந்த முறையை இக்கால இளைஞர் கற்பனை செய்தலும் அரிது. ஒலிவாங்கி இல்லை, மின்சாரம் இல்லை. ஓர் அறையின் சுவரிலோ திரையிலோ பெரியதொரு தகரக் கூம்பின் வாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் குறுகிய முனையில் மெல்லிய தகடொன்றும், அத்தகட்டோடு இணைந்த ஊசியும் இருக்கும். பாடுவோர் கூம்பினுள் முகத்தைப் புகுத்தாக் குறையாகப் பாடவேண்டும். குரலின் விசையே தகட்டை அதிரச் செய்து, சுழலும் மெழுகுத் தட்டில் ஊசியால் கீறும். மெல்லப் பாடினால் ஒன்றும் பதியாது. மேற்ஸ்தாயியில் முழுக்குரலெடுத்தால் ஊசி தடம் புரளும். ஆதலின் உச்சத்தைத் தொடும்போது பாடகர் சற்றே பின்வாங்குதல் வேண்டும். தவறு நேர்ந்தால் அழித்துத் திருத்த வழியில்லை. அம்மெழுகை ஒதுக்கிவிட்டு மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும்.

இக்கூம்பு எல்லா ஓசைகளையும் ஒரு நிகராகக் கேட்டதில்லை. வீணையின் மெல்லிய நாதம் அதற்கு எட்டாது. மிருதங்கத்தின் தொப்பியொலி மங்கிக் கேட்கும். நாகஸ்வரமோ உரத்த கருவியாகலின் எளிதிற் பதியும். ஆயினும் அருகிருந்து வாசித்தால் ஊசியைக் குலைத்துவிடும். தவிலையோ மேலும் தள்ளியே வைத்தல் வேண்டும். எனவே எவர் எங்கே நிற்பது, எக்கருவி எவ்வளவு தொலைவில் இருப்பது என்பதே அந்நாளைய ஒலிப்பதிவுக் கலையின் சாரமாக இருந்தது. அக்கலை முழுதும் வெளிநாட்டார் கையில் இருந்தது. ராகம் எது, தாளம் எது என்று அறியாத ஒருவர், ராகத்தையும் தாளத்தையும் வாழ்வாகக் கொண்ட ஒருவரை 'அங்கே நில், இங்கே நில்' என்று நிறுத்திவைத்தார். சொல்வோர்க்கும் நிற்போர்க்கும் இருந்த இவ்வேற்றுமை பின்னர்ப் பல்லாண்டுகள் வேறு வேறு உருவில் தொடர்ந்தது.

காலமும் சுருங்கியது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம். பன்னிரண்டங்குலத் தட்டிற்கு நான்கு நிமிஷத்திற்குச் சற்று மேல். திருவிழா இரவில் நான்கு வீதியும் சுற்றி வருவதற்குள் ஒரே ராகத்தை விரித்து வாசித்த மரபினர், அதே ராகத்தை மூன்று நிமிஷத்திற்குள் மடக்கவேண்டியதாயிற்று. ஆலாபனை குறைந்தது, நிரவல் மறைந்தது, கீர்த்தனம் விரைந்தோடியது. பிற்காலத்தார் பழைய தட்டுகளைக் கேட்டு 'அக்காலத்தில் இவ்வளவு விரைவாகவா பாடினர்?' என வியப்பதுண்டு. விரைந்தது பாடகர் மனமன்று, சுழன்றுகொண்டிருந்த மெழுகு.

இத்தனை இடர்ப்பாட்டிற்கிடையிலும் மெய்யான கலை தன் வலியைக் காட்டியது. பிரெஞ்சு நாட்டு இசைப்புலவர் மோரிஸ் தெலாழ் என்பார் 1912இல் இந்தியாவிற்கு வந்தார். கோயம்புத்தூர் தாயியின் பாட்டு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தாயியின் இசைத்தட்டொன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதனை அடியொற்றி 'ராகமாலிகா' என்னும் உருப்படியைத் தம் நாட்டுக் குரலுக்கும் பியானோவுக்குமாக இயற்றினார். தென்னாட்டு மாதொருத்தி கூம்பின் முன் நின்று பாடிய பாட்டு கடல் கடந்து பாரிஸ் மாநகரத்து இசைப்புலவரைப் பணிகொண்டது. அவ்வளவு பெரும் புகழ் பெற்றவர் பெயரை இன்று நம் இசைப் பள்ளிகளில் பயிலும் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

மின்சாரம் செய்த மாறுதல்

1925ஆம் ஆண்டில் மேனாட்டில் மின்சார ஒலிப்பதிவு தோன்றி, சின்னாட்களில் இந்நாட்டிற்கும் வந்தது. கூம்பு அகன்று ஒலிவாங்கி அமர்ந்தது. ஓசையை மின்னோட்டமாக மாற்றி, வேண்டுமளவு பெருக்கி, அதன்பின் மெழுகிற் கீறுதலால், மெல்லிய நாதமும் பதியலாயிற்று. பத்து வயதுச் சிறுமியாகிய மதுரை சண்முகவடிவு சுப்புலட்சுமியின் முதற்றட்டு 1926இல் வெளிவந்தது. வீணை தனம்மாளின் வாசிப்பைக் கொலம்பியா கம்பெனியார் 1932இல் பதிந்தனர். ஜார்ஜ் டவுனில் அவ்வம்மையார் இல்லத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நிகழ்ந்த வாசிப்பின்போது, ஒரு செருமலும் இடையூறாகும் என அஞ்சி வித்வான்கள் மூச்சடக்கி அமர்ந்திருப்பராம். அத்துணை நுண்ணிய நாதத்தைக் கூம்பு ஒருநாளும் கேட்டிராது. அப்போது அம்மையாருக்கு வயது அறுபத்தைந்து. மின்சாரம் இன்னும் சில ஆண்டுகள் பிந்தியிருப்பின், 1938இல் அவர் மறைந்தபோது அவ்வீணையும் ஒரு சுவடின்றி மறைந்திருக்கும். காஞ்சீபுரம் நயினாப் பிள்ளையைப் போன்ற பெரும் லயமேதை இசைத்தட்டில் தம் பாட்டைப் பதியாமலே 1934இல் மறைந்தமையால், இன்று நமக்குக் கிடைப்பன அவரைக் கேட்டோர் சொல்லிச் சென்ற செய்திகளே. அவர் கச்சேரியின் பெருமையைப் படிக்கலாம், கேட்க முடியாது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு இக்காலத்து விளைவே. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியார் துணைகொண்டு நாகஸ்வரத்தை நீட்டி, சுருதியைத் தாழ்த்திப் பாரி நாகஸ்வரத்தைக் கைக்கொண்டவர் அவர். தாழ்ந்த சுருதியின் கனமான நாதமும் மின்சார ஒலிப்பதிவும் ஒன்றற்கொன்று துணை செய்தன. ஈண்டு ஒன்று கூறவேண்டும். நாகஸ்வரக்காரரை வாயிற்பந்தலோடு நிறுத்திவைத்த பெருவீடுகள் பல இருந்தன. அவ்வீடுகளின் உட்கூடத்தில், கிராமபோன் பெட்டியின் மேல், அவர் தோடி சுழன்றது. கலைஞன் புகாத இடத்தில் அவன் கலை புகுந்தது; அதன் பின்னரே அவனுக்கும் நாற்காலி போடப்பட்டது. இசைத்தட்டு நம் மரபினர்க்குச் செய்த நன்மைகளுள் இதனைத் தலையாயதென்போம்.

உரிமை எவருடையது?

இனி மறுபுறத்தைப் பார்ப்போம். தட்டுக்கு வேண்டிய அரக்கு இந்நாட்டுக் காடுகளில் விளைந்தது, தட்டழுத்தும் ஆலை 1908 முதற் கல்கத்தாவிலேயே நடந்தது, பாட்டும் இந்நாட்டாருடையது. ஆயினும் ஊதியம் எங்குச் சென்றது? கலைஞர் பலர்க்குப் பதிவன்று ஒரு தொகை கைக்கு வரும்; கையொப்பமோ பெருவிரல் ரேகையோ வாங்கப்படும்; அத்துடன் கணக்கு முடிந்தது. பேர்பெற்ற சிலரே விற்பனைக்குத் தக்க பங்கு கேட்டுப் பெறும் வலிமை பெற்றிருந்தனர். பக்கவாத்தியம் வாசித்தோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தட்டின் நடுவே ஒட்டிய வட்டச் சீட்டில், நாகஸ்வர வித்வான் பெயர் இருக்கும். தவில் வாசித்தவர் பெயர் இல்லாத தட்டுகள் பல.

இது தனிப்பட்ட வாணிபர் பேராசையால் மட்டும் விளைந்ததன்று. சட்டமே அவ்வாறு இருந்தது. பிரிட்டிஷ் நாட்டின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி 1914இல் இந்தியாவில் ஏற்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின்படி, இசைத்தட்டின் மூல அச்சு உருவான காலத்தில் அவ்வச்சுக்கு உடையவர் எவரோ, அவரே அத்தட்டின் ஆசிரியராகக் கருதப்பட்டார். ஊதியவர் ஆசிரியரல்லர், தட்டியவர் ஆசிரியரல்லர், மெழுகுக்கு விலை கொடுத்தவரே ஆசிரியர்! வாழைக்குலையைத் தாற்றுடன் வாங்கியவன், வாழை வைத்தவனும் தானே என்று பத்திரம் எழுதிக்கொண்டதற்கு இஃது ஒக்கும். இந்நிலை மாறப் பல்லாண்டுகள் சென்றன. 1957இல் விடுதலை பெற்ற இந்தியா தனக்கெனச் சட்டம் இயற்றியபோதும், வாசிப்போர்க்குத் தனி உரிமை அதில் இடம்பெறவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நிகழ்த்துநர் உரிமை என்பது நம் நாட்டுச் சட்டத்தில் முதன்முதலாக ஏறியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், நிகழ்ச்சி வாணிபத்திற் பயன்படும்போது நிகழ்த்தியவர்க்கு உரிமைத்தொகை உண்டென உறுதி செய்தது. கௌஹர் ஜான் கூம்பின் முன் பாடிய ஆண்டிலிருந்து எண்ணினால், இதற்கு நூற்றுப் பத்து ஆண்டுகள் ஆயின.

வானொலியும் பள்ளியும்

கம்பெனிகள் தாரா உதவியை ஓரளவு வானொலி தந்தது. சென்னையில் 1924இல் வானொலிச் சங்கமொன்று தோன்றி, பணமுடையால் சில ஆண்டுகளில் நின்றது; 1930 முதல் நகராண்மைக் கழகத்தார் ஒலிபரப்பை நடத்தினர். 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே மாதத்தில் திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கின. திருச்சி நிலையம் தஞ்சை நாட்டு மேளக்காரர்க்கு அண்மையில் அமைந்தமை பேருதவியாயிற்று. திருமண மாதங்களும் திருவிழாக் காலங்களும் தவிர்த்த நாட்களில் வருவாயின்றி இருந்த குடும்பங்கட்கு, வானொலி வாய்ப்பு ஒரு கைத்தாங்கல். 1952இல் ஏற்பட்ட குரல்தேர்வு முறையால் கலைஞர் தரம் பிரிக்கப்பட்டனர். சிலருக்கு அது மனக்கசப்பைத் தந்ததெனினும், இன்ன தரத்திற்கு இன்ன ஊதியம் என்னும் ஒழுங்கு நிலைத்தது. வைகறையில் மங்கள இசையாக நாகஸ்வரத்தை ஒலிபரப்பும் வழக்கத்தால், கோயிலருகே குடியில்லாதார் செவிகளிலும் நம் நாதம் புகுந்தது.

கல்வித் துறையிலும் மாறுதல்கள் விளைந்தன. 1929இல் சிதம்பரத்தில் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய இசைக் கல்லூரி, தஞ்சை நால்வர் வழித்தோன்றலாகிய பொன்னையா பிள்ளை போன்ற பரம்பரைப் புலவர்க்குப் பேராசிரியப் பதவி தந்து பெருமை பெற்றது. 1943இல் தமிழ் இசைச் சங்கமும், 1949இல் சென்னையில் அரசாங்க இசைக் கல்லூரியும் தோன்றின. இன்று சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகளும், மாவட்டத் தலைநகர்களில் அரசு இசைப் பள்ளிகளும் நடைபெறுகின்றன. நாகஸ்வரம், தவில், தேவாரம் யாவும் அவற்றிற் கற்பிக்கப்படுகின்றன. எக்குடியிற் பிறந்தவரும் சென்று பயிலலாம்; இஃது உவப்புக்குரியதே. கலை பெருகுதற்கு வாயில் அகலுதல் வேண்டும்.

ஆயினும் பள்ளி கல்லூரிகளில் ஒரு குறை தொடக்கமுதல் இருந்து வந்துள்ளது. இசை கற்பிக்கும் இடத்தில் ஒலிப்பதிவு கற்பிக்கப்படவில்லை. ஒலிப்பதிவு கற்பிக்கும் இடத்தில் இசை கற்பிக்கப்படவில்லை. சென்னையில் 1945ஆம் ஆண்டளவில் பாலிடெக்னிக்கில் ஒலிப்பதிவுக் கல்வி தொடங்கியது. அது சினிமாத் தொழிலை நோக்கியதேயன்றி, மேளக்காரர் பிள்ளையை நோக்கியதன்று. இதன் விளைவை இன்றும் காண்கிறோம். கச்சேரி மேடையிலோ பதிவு நிலையத்திலோ, ஒலிவாங்கியை நாகஸ்வரத்தின் அணசு வாயிலேயே கொண்டுபோய் நிறுத்துவர். நாகஸ்வரத்தின் ஒலியோ அணசின் வழியாக மட்டும் வருவதன்று. உலவிலுள்ள துளைகளின் வழியாகவும் பரவி வருவது. இரண்டும் காற்றிற் கலந்தபின் கேட்பதே அதன் இயல்பான நாதம். ஆதலின் ஒலிவாங்கி சில அடி விலகி, சற்று உயர்ந்து நிற்றல் நலம். தவிலுக்கும் அங்ஙனமே. கூடு அணிந்த விரல்கள் பேசும் வலந்தலையும், குச்சி பேசும் தொப்பியும் இருவேறு குரல்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஒலிவாங்கி வைத்தால் பாதித் தவிலே பதியும். இவற்றை நம் முதியோர் செவியால் அறிவர். கருவி இயக்குவோர்க்கு எடுத்துரைக்கும் சொல் அவர்பால் இல்லை. சொல் உடையோர்க்கோ அச்செவி இல்லை.

பதிவு காத்தது; பதிவே பறித்தது

ஒலிநாடா வந்தது; 1980களில் கேசட் பெருகியது; விலை மலிந்தது. 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும், 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மதுரை சகோதரர்களாகிய சேதுராமன், பொன்னுசாமி ஆகியோரின் நாகஸ்வரமும் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. இவை யாவும் புகழ். ஆனால் அதே கேசட்டும் ஒலிபெருக்கியும் சேர்ந்து வேறொன்றும் செய்தன. கோயிற் பூசைக்கு மேளம் வேண்டுமெனின், பதிந்த இசையைப் போட்டால் போதும் என்றாயிற்று. தீபாராதனைக்கு மணியும் பறையும் தாமே அடிக்கும் மின்சாரப் பெட்டி சந்நிதியில் வந்து நின்றது. சிறு திருமணங்களில் முகூர்த்த வேளைக் கெட்டிமேளமும் ஒலிபெருக்கியிலிருந்தே எழுகின்றது. ராஜரத்தினம் பிள்ளையின் நாதம் ஒலிக்கும் கோயிலில், அவர் மரபில் வந்த இளைஞனுக்கு வேலையில்லை.

ஒத்து ஊதியவர் நிலையை எண்ணிப் பாருங்கள். மேளக் குழுவில் சுருதி கொடுக்கும் ஒத்து நாயனத்தைச் சிறுவனொருவன் ஊதுவான். மற்றொரு சிறுவன் தாளம் போடுவான். கேட்போர்க்கு அது சிறு வேலை. அச்சிறுவர்க்கு அதுவே கலாசாலை. இரவெல்லாம் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு பெரியவர் பக்கத்தில் நின்றவன் காதில், ராகம் தானே இறங்கியது, சீவாளியைப் பதப்படுத்துவது முதல் சபையறிந்து நடப்பது வரை யாவும் கண்டே கற்றான், நாட்கூலியும் பெற்றான். அவ்விடத்தில் இன்று மின்சாரச் சுருதிப்பெட்டி அமர்ந்துள்ளது. பெட்டியின் சுருதி பிசகாது. அதன்மேற் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பெட்டி பத்தாண்டு கழித்து நாகஸ்வர வித்வானாகாது. ஒரு கூலி போயிற்று என்பது சிறு நட்டம். ஒரு பள்ளி போயிற்று என்பதே பெருநட்டம்.

செய்யத்தக்கன

இவற்றைக் கூறியது கருவியைப் பழித்தற்கன்று. கருவியை ஒதுக்கியவர் ஓசை அவரோடு மறைந்தது. கருவியைக் கையாளாது அதன்முன் நின்றவர் ஓசை பிறருடைமையாயிற்று. மூன்றாவது வழி ஒன்றுண்டு: கருவியை நாமே கையாளுதல். முன்னாளில் அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியிருந்தது. இன்றோ ஒரு கைப்பேசியும், இரண்டு நல்ல ஒலிவாங்கிகளும், ஒரு கணிப்பொறியும் இருந்தால், அக்காலத்துப் பெரிய கம்பெனியினும் தெளிவாகப் பதியலாம். ஆதலின் நான்கு செயல்களை நம்மவர் முன் வைக்கின்றோம்.

முதலாவது, நாகஸ்வரமோ தவிலோ பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் ஒலிப்பதிவின் அடிப்படையைப் பயிலவேண்டும். இசைப் பள்ளிகளிற் பாடமாகச் சேர்க்குமாறு அரசினரை வேண்டுவோம். அது கைகூடும்வரை, தொழில் தெரிந்த இளைஞரைக் கொண்டு விடுமுறை நாட்களில் வகுப்பு நடத்துவோம்.

இரண்டாவது, எழுத்தைப் படித்தறியாமல் எவரும் கையொப்பமிடலாகாது. உரிமைத்தொகை எவ்வளவு, எத்தனை காலம், எவ்வெவ்வழியில் விற்பனை என்பவற்றை ஒப்பந்தத்திற் காணவேண்டும். நிகழ்த்துநர் உரிமை ஐம்பதாண்டுக் காலம் நிலைப்பது. தந்தை ஒரு கையொப்பத்தால் இழப்பது மைந்தனுக்கும் சேர்ந்த இழப்பாகும்.

மூன்றாவது, பெயர். ஒலிப்பதிவின் உரிமைக் காலம் நம் நாட்டில் அறுபது ஆண்டு. ஆதலின் 1932ஆம் ஆண்டுத் தட்டை இன்று எவரும் வெளியிடலாம். பொருள் எதுவும் அக்குடும்பத்திற்கு வாராது. எஞ்சியிருப்பது பெயர் ஒன்றே. அதுவும் பிழையாகவோ விடுபட்டோ போதல் தகாது. பழைய தட்டும் ஒலிநாடாவும் பரணிற் கிடக்கும் இல்லத்தார் அவற்றைப் பழைய சாமான் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிடாமல் காக்கவேண்டும். தவில் வாசித்தவர் யார், ஒத்து யார், தாளம் யார் என்பதை, நினைவுள்ள முதியோர் இருக்கும்போதே கேட்டெழுதிவிடவேண்டும்.

நான்காவது, ஒத்தும் தாளமும். சுருதிப்பெட்டியை முற்றும் விலக்கச் சொல்லவில்லை. வாய்ப்புள்ள ஒவ்வொரு மேளத்திலும் ஒரு சிறுவனையேனும் உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். திருமணம் நடத்தும் நம் உறவினர், அச்சிறுவனுக்கென ஒரு சிறுதொகை கூட்டிக் கொடுத்தால், அது தானமன்று, பள்ளிச் சம்பளம்.

2022ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து துளையிடும் கைவினைக்கு அரசு தந்த மதிப்பு அது. மரத்திற்குக் கிடைத்த அம்மதிப்பு, அம்மரத்தில் மூச்சைச் செலுத்தும் மாந்தர்க்கும் கிடைத்தல் வேண்டும். அதனைப் பிறர் கொணர்ந்து தருவர் எனக் காத்திருந்த காலம் நீண்டது. கூம்பின் முன் நின்ற தாயாரும் பாட்டியாரும் தமக்குரிய பங்கு இன்னதென அறியாமலே சென்றனர். அறிந்தவராகிய நாம் நம் பிள்ளைகளை ஒலிவாங்கியின் முன்புறத்தில் மட்டுமன்றிப் பின்புறத்திலும் அமர்த்துவோமாக.